மூலைக்கு ஒரு தோட்டா

வீரணனுக்கு ஒரு வியாதி உண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும் உட்காரச் சொன்ன இடத்தில் உட்காரமாட்டான். முதலில் அந்த வீட்டு மூலைகளைப் பார்த்தாக வேண்டும். உள்மூலை அல்ல, அதில் எந்தக் கொத்தனாரும் சாந்தை அப்பிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். வெளியே துருத்திக்கொண்டு நிற்கிற மூலை, அதாவது படியின் மூலை, தொட்டியின் மூலை, மேடையின் மூலை. கட்டைவிரலை வைத்து மேலிருந்து கீழே ஒரு தடவு தடவுவான். பிறகு "ம்" என்பான். அந்த "ம்" நல்ல "ம்"மா கெட்ட "ம்"மா என்று தெரியாமல் வீட்டுக்காரர் முழிப்பார்.

ராசிங்காபுரத்துக்குப் பெண் பார்க்கப் போன அன்றும் இதே கதைதான். சுருளியம்மாள் காப்பித் தம்ளரோடு வந்து எதிரில் நிற்கிறாள். மாப்பிள்ளையோ அவளுக்குப் பின்னால் கிடந்த டிரங்குப் பெட்டியின் மூலையில் அடித்திருந்த தகர மூடியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். கல்யாணமாகி எத்தனையோ நாள் கழித்தும் அவள் அதை விடவில்லை. "அன்னைக்கு என்னையப் பாக்க வந்தீகளா, பொட்டியப் பாக்க வந்தீகளா?" என்பாள். அவன் சிரித்து மழுப்புவான். உண்மையைச் சொன்னால், இரண்டையும் பார்த்தான். பெட்டியைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்துவிட்டான், அவ்வளவுதான்.

வீரணன் சிலமலைக்காரன். மதுரையில் மொசைக் தரை போடுகிறவர்களோடு சில வருஷம் இருந்துவிட்டு, எழுபதுகளின் நடுவில் போடிக்கு வந்து டைல்ஸ் வேலை எடுத்தான். அப்போது போடியில் டைல்ஸ் பதித்த வீட்டை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு டாக்டர் வீடு, நாலைந்து ஏலக்காய் வியாபாரிகளின் குளியலறை. எல்லாம் வெள்ளை. பளபளவென்று கண்ணைப் பறிக்கும். ஆனால் மேடையின் ஓரத்துக்கு வந்ததும் மானம் போய்விடும். டைல்ஸின் முகம்தான் வெள்ளை. அதன் விளிம்பு வெறும் மண். இரண்டு டைல்ஸ் ஓரத்தில் சேரும் இடத்தில் அந்த மண் நிறம், வெள்ளை வேட்டிக்குக் கீழே அழுக்குக் கால்சட்டை தெரிவது போலத் தெரியும். மற்ற கொத்தனார்கள் அதன் மேல் வெள்ளை சிமெண்டைப் பூசிவிட்டுக் கூலியோடு நடையைக் கட்டுவார்கள். வருஷம் திரும்புவதற்குள் பூச்சு உதிர்ந்து, ஓரம் பல்லைக் காட்டும். சேலையைக் கிழிக்கும், கையைக் கீறும்.

வீரணன் மொசைக் தரைக்கு இடையில் வைக்கிற பித்தளைப் பட்டியை மதுரையிலிருந்து கொண்டுவந்து, நீளவாக்கில் மடக்கி, ஓரத்துக்குக் கவசமாகப் போட்டான். பார்க்க நன்றாக இருந்தது. இரண்டு பட்டி சேரும் இடத்திலும் பிரச்சினை இல்லை. இதில் பாதி மூலை, அதில் பாதி மூலை என்று அரத்தால் ராவி ஒட்டிவிட்டால் சமாதானமாகச் சேர்ந்துவிடும். ஆனால் மேடையின் நுனி மூலையில் மூன்று பட்டி சந்திக்கும். முன் ஓரத்தில் வருவது ஒன்று, பக்க ஓரத்தில் வருவது ஒன்று, கீழேயிருந்து ஏறி வருவது ஒன்று. மூன்றாவது வந்ததும் ஒன்றுக்கொன்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எவ்வளவு ராவினாலும் மயிரிழை இடைவெளி நிற்கும், அல்லது முள் மாதிரி ஒரு கூர் நீட்டிக்கொண்டிருக்கும். போதாக்குறைக்கு நம்மூர்ச் சுவர் எது மூலைமட்டத்துக்கு அடங்கியது? ஒன்று விரிந்திருக்கும், ஒன்று ஒடுங்கியிருக்கும்.

இதில்தான் அவன் கிறுக்குப் பிடித்தவன் மாதிரி அலைந்தான். தீப்பெட்டியைப் பிரித்துப் பார்த்தான். தேயிலைப் பெட்டியின் தகர ஓரத்தைப் பிய்த்துப் பார்த்தான். போடிமெட்டு ஜீப்பில் ஏறினால் ஆட்கள் எல்லாம் பள்ளத்தைப் பார்த்துப் பயந்துகொண்டு வருவார்கள். இவன் ஜீப்பின் பின்பக்கத் தகரம் மடங்குகிற இடத்தைத் தடவிக்கொண்டு வருவான்.

விடை மலையில்தான் கிடைத்தது. மெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஏலத் தோட்டத்து பங்களாவில் குளியல் தொட்டிக்கு டைல்ஸ் பதிக்கப் போயிருந்தான். மழை விட்டிருந்த நேரம், வேலிப் பக்கம் நடந்தபோது காலடியில் ஏதோ மினுங்கியது. எடுத்துப் பார்த்தால் சின்னக் குப்பி மாதிரி ஒரு பித்தளை. அடி மூடியிருந்தது, வாய் திறந்திருந்தது.

"இது என்னாண்ணே?" என்று காவல்காரரிடம் கேட்டான்.

"தோட்டாவாணு. பன்னி வந்தா வெடி வைக்கும். காகிதம் மழையில போகும், இது மட்டும் கிடக்கும்" என்றார் அந்த மலையாளத்துக்காரர்.

வீரணன் அதைத் துடைத்து, எடுத்துவந்து, தொட்டியின் நுனி மூலையில் சும்மா வைத்துப் பார்த்தான். வைத்ததும் அவனுக்கு உடம்பெல்லாம் குப்பென்றது. மூலைக்கு எதற்குக் கூர்? வட்டமாக ஒன்று நடுவில் உட்கார்ந்துவிட்டால், மூன்று பட்டியும் அதனதன் போக்கில் வந்து அதில் முட்டி நின்றுவிடும். சுவர் கோணலாக இருந்தாலும் வட்டத்துக்கு என்ன கவலை? டைல்ஸின் முனையைக் குறட்டால் கொஞ்சம் கடித்து எடுத்துவிட்டுத் தோட்டா அடியைச் சாந்தில் பதித்தான். கவிழ்த்துத்தான் பதித்தான். அடிப்பக்கம் மேலே வந்து, பித்தளைப் பொத்தான் மாதிரி பளபளத்தது. கட்டைவிரலால் தடவினான். எங்கும் தடுக்கவில்லை. அன்றைக்கு அவன் போட்ட "ம்" அந்த பங்களா முழுக்கக் கேட்டிருக்கும். இறங்கும்போது காவல்காரரிடம் சொல்லிவைத்து ஒரு டப்பா நிறையத் தோட்டா அடி வாங்கிக்கொண்டு வந்தான்.

போடியில் பிச்சைமணி என்று ஒரு ஏலக்காய் வியாபாரி இருந்தார். காலமான தன் அப்பாவுக்கு டைல்ஸ் பதித்த கல்லறை கட்ட ஆசைப்பட்டு வீரணனைக் கூப்பிட்டார். கல்லறை என்றால் வேறென்ன, எல்லாமே வெளிமூலைதானே. வீரணனுக்கு வாயெல்லாம் பல்.

"ஒண்ணே ஒண்ணு வீரணா" என்றார் பிச்சைமணி. "கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி வைப்போம். போடிக் காத்துக்கு வழுவழுன்னு இருக்கிற டைல்ஸ் மேல எதுவும் நிக்காது. அதுக்கு ஒரு வழி பண்ணு."

வீரணன் யோசிக்கவே இல்லை. தோட்டா அடியை நிமிர்த்தி, வாய் மேலே இருக்கும்படி பதித்தான். நாலு மூலையிலும் நாலு கிண்ணம். மெழுகுவத்தி அதற்கென்றே அளவெடுத்துச் செய்தது போல உள்ளே இறங்கி உட்கார்ந்தது. அந்த நவம்பரில் பக்கத்துக் கல்லறைகளில் எல்லாம் மெழுகுவத்தி சரிந்து விழ, பிச்சைமணி அப்பாவின் கல்லறையில் மட்டும் நாலும் அசையாமல் நின்று எரிந்தன. பிறகென்ன, கல்லறைத் தோட்டத்தில் வீரணனுக்கு வரிசையாக வேலை வந்தது. அவன் கைக்கு ஒரு கணக்கு படிந்துபோனது. கல்லறை என்றால் நிமிர்த்தி, வீடு என்றால் கவிழ்த்து.

எண்பத்திரண்டில் சுருளியம்மாளின் அண்ணன் கோட்டைச்சாமி ராசிங்காபுரத்தில் புதுவீடு கட்டினான். கிணற்றில் நல்ல தண்ணீர் கண்டு, வாழை போட்டுக் கையில் நாலு காசு சேர்ந்த நேரம். வீட்டைக் கட்டிவிட்டுத்தான் கல்யாணம் என்று வைராக்கியமாக இருந்தான். அதனால் அடுப்படி ராஜ்யம் அம்மா இருளம்மாள் கையில்தான். அவளுக்கு நின்றுகொண்டு சமைக்கிற மேடை வேண்டும், அதற்கு வெள்ளை டைல்ஸ் வேண்டும். மருமகனைத் தவிர வேறு யார் செய்வார்கள்?

வீரணன் அப்போது தொடர்ச்சியாகக் கல்லறை வேலை முடித்துவிட்டு வந்திருந்தான். தை மாதம் பால் காய்ச்ச நாள் குறித்தாயிற்று. முந்தின நாள் சாயங்காலம் கடைசி வேலையாக மேடையின் இரண்டு நுனி மூலையிலும் தோட்டா பதிக்கும்போது கரண்டு போய்விட்டது. விடிந்தால் விசேஷம். அவனுக்குத்தான் மூலை என்றால் கண்ணே வேண்டாமே. கைத் தடவலிலேயே இரண்டையும் பதித்துவிட்டுப் படுத்தான்.

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக மூலைகளைப் போய்ப் பார்த்தான். இரண்டும் வாயைப் பிளந்துகொண்டு மேலே பார்த்தபடி இருந்தன. சாந்து இறுகிவிட்டது. பேர்த்தால் டைல்ஸும் வரும். வாசலில் ஆட்கள் வந்துவிட்டார்கள். இடப்பக்க மூலையின் மேல் யாரோ வாழையிலைக் கட்டை இறக்கி வைத்தார்கள், அது பிழைத்தது. வலப்பக்க மூலையின் மேல் இவனே ஒரு செம்பைக் கவிழ்த்துவிட்டு, பக்கத்திலேயே காவல் நின்றான். விசேஷம் முடிந்ததும் வெள்ளை சிமெண்டை வைத்து இரண்டையும் அடைத்துவிடலாம் என்பது அவன் கணக்கு.

மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் பால் ஏறிக்கொண்டிருந்தது. இருளம்மாள் செம்பைத் தேடினாள், கண்ணில் பட்டது, எடுத்தாள். ஊன்றிய கையின் விரல் நேராகக் குழிக்குள் போனது.

"இது என்ன குழி மாப்ளே?"

"சும்மா அழகுக்குத்தான் அத்தை."

இருளம்மாள் குனிந்து பார்த்தாள். கோட்டைச்சாமி தலையெடுப்பதற்கு முன்னால் அவள் பிச்சைமணியின் கிட்டங்கிக்கு ஏலக்காய் பொறுக்கப் போனவள். கல்லறைத் திருநாளன்று முதலாளி வேலையாட்களையும் கூட்டிக்கொண்டு போய், திரும்பும்போது பன்னும் காப்பியும் வாங்கிக் கொடுப்பார். அந்தக் குழியில் அவளே மெழுகுவத்தி நிறுத்தியிருக்கிறாள்.

"பிச்சமணி ஐயா அப்பாரு கல்லறையில இருக்கிற குழில்ல இது" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அடுப்படி நிறைய சொந்தக்காரர்கள்.

பால் பொங்கி வழிந்தது. வழக்கமாகக் குலவை போடுகிற நேரம். ஒருத்தி வாயும் திறக்கவில்லை. வழிந்த பால் ஸ்டவ்வை அணைத்தது.

"எங்க ஆத்தா சோறாக்குற எடத்துல கல்லறை கட்டி வச்சிருக்கீகளா?" என்றான் கோட்டைச்சாமி.

"கவுத்தி வைக்க வேண்டியத நிமித்தி வச்சுட்டேன் மச்சான். கரண்டு இல்ல, கை தன்னால வச்சிருச்சு. இப்பவே அடைச்சுர்றேன்."

கோட்டைச்சாமி காதில் வாங்கவில்லை. வெளியே கிடந்த சம்மட்டியைக் கொண்டுவந்து அந்த மூலையில் ஒரே போடு. டைல்ஸ் சிதறி, பித்தளைப் பட்டி நசுங்கி, தோட்டா அடி உருண்டு வந்து வீரணன் காலடியில் நின்றது. அவன் குனிந்து எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டான். ஏன் எடுத்தான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது.

"இனி இந்த வீட்டு வாசப்படிய மிதிக்காதீக" என்றான் கோட்டைச்சாமி. பாலை முற்றத்தில் மூன்று செங்கல் கூட்டி மறுபடி காய்ச்சினார்கள்.

சுருளியம்மாளுக்கு அப்போது மூன்றாம் மாதம். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அண்ணன் முன்னால் வந்து நின்றாள். "அவுக மிதிக்கக் கூடாத வாசல நானும் மிதிக்கல" என்றாள். புருஷனுக்கு முன்னால் அவள்தான் படியிறங்கினாள்.

பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகுதான் வீரணனுக்கு உறைத்தது. வாழையிலைக் கட்டுக்கு அடியில் இன்னொன்று இருக்கிறது.

இந்த விஷயத்தை அவன் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. கட்டை எடுத்ததும் பார்த்திருப்பார்களா? பார்த்திருந்தால் அதையும் உடைத்திருப்பார்கள், உடைத்திருந்தால் வசை வந்து சேர்ந்திருக்கும். ஒன்றும் வரவில்லை. அப்படியானால் பார்க்கவில்லையா? தினம் துடைக்கிற மேடையில் எப்படிப் பார்க்காமல் இருக்க முடியும்? வேலை செய்கிற இடத்தில் எல்லாம் இதே நினைப்பு. ஒருநாள் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பிச்சைமணி அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் குழியையே பார்த்தான். உள்ளே பழைய மெழுகும் கொஞ்சம் மழைத் தண்ணீரும் கிடந்தன. இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று அவனுக்கு விளங்கவில்லை. பையிலிருந்த தோட்டா அடியை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, கை என்னதான் செய்கிறது பார்ப்போம் என்று கல் மேல் வைத்துப் பார்த்தான். திறந்து பார்த்தால் நிமிர்ந்து இருந்தது. மறுபடி வைத்தான். மறுபடியும் நிமிர்ந்தே இருந்தது. கையைத் திட்டவும் முடியவில்லை.

ஏழாம் மாதம் வந்தது. தாய்வீட்டிலிருந்து வளையலோடு ஆள் வரவேண்டும். வரவில்லை. வீரபாண்டித் திருவிழாவில் வீரணன் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல் வாங்கிவந்து கொடுத்தான். சுருளியம்மாள் வாங்கிப் போட்டுக்கொண்டாள். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நீங்க வாங்கிப் போட்டா வளைகாப்பு ஆயிருமா?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் அவனைக் குத்தியது. தலைப்பிரசவம். தெருவில் பெண்கள் "எப்ப ஆத்தா வீட்டுக்குப் போற?" என்று கேட்கும்போதெல்லாம் அவள் "போகணும், போகணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிடுவாள். ராசிங்காபுரத்து பஸ் சத்தம் கேட்டால் செய்கிற சோலி ஒரு நிமிஷம் நிற்கும்.

ஆனி பிறந்து ஒன்பதாம் மாதமும் ஆனது. இனி ஆடி வந்தால் யாரும் நல்ல காரியத்துக்குக் கிளம்பமாட்டார்கள். வீரணன் ஒரு முடிவுக்கு வந்தான். ஒரு தகர டப்பாவில் வெள்ளை சிமெண்டு, உளி, சுத்தியல், அரம் எல்லாம் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டான். போய் அந்த இன்னொரு மூலையைப் பற்றித் தானே சொல்லிவிடுவது. கண் முன்னால் அதை அடைத்துவிடுவது. காலில் விழச் சொன்னால் விழுவது. சுருளியை மட்டும் தாய்வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்வது. சுருளியிடம் "சிலமலையில ஒரு சோலி, வெரசா வந்துர்றேன்" என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

ஆனிக் காற்று அன்று பேயாட்டம் ஆடியது. பஸ்ஸை விட்டு இறங்கும்போது விளக்கு வைக்கிற நேரம். எங்கோ கம்பி அறுந்து ஊரே இருட்டாகக் கிடந்தது. அவரவர் வீட்டில் சிமிளி விளக்கைக் கொளுத்துவதும் அணைவதும் காற்றைத் திட்டுவதுமாக இருந்தார்கள். கோட்டைச்சாமி வீட்டில் மட்டும் அடுப்படிச் சன்னலில் வெளிச்சம் நின்று எரிந்தது.

வீரணன் வாசப்படிக்கு வெளியிலேயே நின்றான். "அத்தை."

"யாரு?" என்று வந்த இருளம்மாள் அவனைப் பார்த்ததும் பதறிவிட்டாள். "சுருளிக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல அத்தை, நல்லாருக்கா. நான்தான் ஒரு விசயம் சொல்ல வந்தேன்."

"அத ஏன் காத்துல நின்னு சொல்றீக. உள்ள வாங்க."

"மிதிக்கக் கூடாதுன்னு..."

"சொன்னவன் தண்ணி பாய்ச்சப் போயிருக்கான். வாங்க மாப்ளே."

அவள் பின்னாலேயே அடுப்படிக்குப் போனான். போனவன் அப்படியே நின்றுவிட்டான்.

இடப்பக்க மூலையில் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. சன்னல் வழியாகக் காற்று உள்ளே பாய்ந்ததில் சுடர் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. மெழுகுவத்தி அசையவில்லை. தோட்டா அடியைச் சுற்றி மெழுகு வழிந்து, அதன் மேல் வழிந்து, பித்தளையே தெரியாத அளவுக்குத் திரண்டு கிடந்தது. அடியில் இருந்த மெழுகு புகைபட்டுப் பழுப்பாகியிருந்தது. நேற்று இன்று ஏற்றிய மெழுகு இல்லை அது. வீரணன் தன்னை அறியாமல் கட்டைவிரலால் அதைத் தடவினான். இவ்வளவு நாளும் மண்டையைக் குடைந்துகொண்டிருந்த கேள்விக்கு இப்படி ஒரு பதில் இருக்கும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

இருளம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு குழம்பைக் கிண்டினாள். கிண்ட வேண்டிய அவசியம் இல்லாத குழம்பு.

"எலைக்கட்ட எடுத்த அன்னைக்கே பாத்தேன்" என்றாள். "அவன்கிட்டச் சொல்லல. சொன்னா இதையும் ஒடப்பான், அப்புறம் எதுல சமைக்கிறது? மேல ஒரு சட்டியப் போட்டு மூடி வச்சேன். மாசியில ஒருநா கரண்டு போச்சு. சிமிளி நிக்கல. மெழுகுவத்திய மேடையில ஒட்டி வச்சா விழுந்துக்கிட்டே இருந்துச்சு. ஒல வேற கொதிக்குது. சட்டிய எடுத்துட்டு இதுல வச்சேன். நின்னுச்சு."

"பயமா இல்லையா அத்தை?"

"மொத நாளு இருந்துச்சு. மறுநாளும் சோறு பொங்கணும்ல."

வீரணனுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "அப்ப ஏன் அத்தை நீங்க வரல? ஒங்க மக தெனம் பஸ்சு சத்தத்தக் கேட்டுக்கிட்டுக் கெடக்கா."

கரண்டி நின்றது. "எந்த மொகத்தோட வர்றது? கல்லறைக் குழின்னு அத்தன பேருக்கு முன்னால சொன்னவ நானு. அதுலயே வெளக்கேத்தி வச்சுச் சோறும் ஆக்குறேன். பெத்த புள்ளைக்கே தெரியாம மறைச்சு மறைச்சு ஏத்துறேன். ஒங்க முன்னால வந்து எப்பிடி நிக்கிறது?" முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

வாசலில் மண்வெட்டியைச் சாத்துகிற சத்தம் கேட்டது. கோட்டைச்சாமி முழங்கால் வரை சேறோடு வந்து நின்றான். மாப்பிள்ளையைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், எரிகிற மெழுகுவத்தியைப் பார்த்தான். இருளம்மாள் சட்டென்று அதை மறைக்கப் போனாள்.

"எதுக்கு மறைக்கிற? அடுக்குப்பானைக்குப் பின்னால ஒளிச்சு வைக்கிற மெழுகுவத்தி அட்டை தீரத் தீர நெறையுதே, யாரு வாங்கியாந்து வச்சான்னு நெனச்ச?" என்றான். இடுப்பு மடியிலிருந்து ஒரு மெழுகுவத்திப் பொட்டலத்தை எடுத்து மேடையில் வைத்தான். அப்போதுதான் இருளம்மாளுக்கு, அட்டை எப்படித் தானாக நிறைந்தது என்பது விளங்கியது.

தோளில் கிடந்த துண்டை எடுத்து முழங்கால் சேற்றைத் துடைத்தான்.

"வாங்க மாப்ளே" என்றான் கோட்டைச்சாமி, சுவரைப் பார்த்துக்கொண்டு. "சுருளிக்கு ஒம்பதாச்சுல்ல."

"ஆச்சு மச்சான்."

"வெள்ளிக்கெழம ஜீப்பு சொல்லியிருக்கேன். வந்தா ஏறுவாளோ மாட்டாளோன்னுதான்..."

"ஏறுவா."

இருளம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடையின் அந்தக் கோடியைக் காட்டினாள். சம்மட்டி பட்ட மூலை அன்று உடைந்தபடியே இருட்டில் கிடந்தது. அதில் ஒரு கந்தைத் துணியைச் சுற்றி வைத்திருந்தார்கள், கையைக் கிழிக்காமல் இருக்க. "வயித்துப்புள்ளக்காரி வர்றா. அப்புறம் பச்சப்புள்ள வேற. அங்கிட்டு ஒரே இருட்டு. மிச்ச டைல்சு கொல்லையில சாக்குல கெடக்கு. அந்த மூலையையும் போட்டுக் குடுத்துருங்க மாப்ளே."

வீரணன் கந்தையை அவிழ்த்து, உடைந்த மூலையைத் தடவிப் பார்த்தான். பட்டி நசுங்கியிருந்தாலும் நிமிர்த்திவிடலாம். கோட்டைச்சாமி சாக்கை இழுத்துக்கொண்டு வந்தான். வீரணன் சாந்தைக் குழைத்து வைத்தான். தையிலிருந்து பைக்குள்ளேயே கிடந்த அந்தத் தோட்டா அடியை எடுத்தான். கை தானாகவே அதை ஒரு பக்கமாகத் திருப்பியது. அவன் கையைப் பிடித்து நிறுத்திக்கொண்டான். இந்தத் தடவை கேட்டுவிடுவது நல்லது.

"எப்பிடி வைக்க? கவுத்தியா, நிமித்தியா?"

இருளம்மாள் மகனைப் பார்த்தாள்.

"நிமித்தியே வைங்க மாப்ளே" என்றான் கோட்டைச்சாமி, பொட்டலத்திலிருந்து இன்னொரு மெழுகுவத்தியை உருவிக்கொண்டே.